நம் பெயர்களும் பட்டங்களும்: எழுத்தும் வரலாறும்

தமிழ்நாட்டுச் சமணக் குடும்பம் ஒன்றின் பெயர்களைத் தலைமுறை வரிசையில் எழுதிப் பார்ப்போமாயின், மூவகை வழக்குகள் புலனாகும். பாட்டனார் பெயர் ஊர்ப்பெயரில் தொடங்கி ‘நயினார்’ என்று முடிந்திருக்கும். தந்தையார் பெயர் இரண்டு தலைப்பெழுத்துகளுடன் தனித்து நிற்கும். பேரன் பெயரின் இறுதியில் ‘ஜெயின்’ என்னும் சொல் சேர்ந்திருக்கும். மூவரும் ஒரே இல்லத்தைச் சேர்ந்தவர்களேயாயினும், ஆவணங்களை மட்டும் காணும் அயலார்க்கு அது புலப்படாது. சில வேளைகளில் நம் இளைஞர்க்கே புலப்படுவதில்லை. ஆதலின் நம் பெயர்கள் எவ்வாறு பிறந்தன, எவ்வாறு எழுதப்பட்டன, இன்று அவற்றைக் காக்க நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை இக்கட்டுரையில் முறையே காண்போம்.

1. நயினார் என்னும் பட்டம்

தமிழ்ச் சமணர்க்கே உரியதாகப் பலராலும் கருதப்படும் பட்டம் ‘நயினார்’ என்பதாகும். இது ‘நாயனார்’ என்னும் சொல்லின் திரிபு. நாயன் என்றால் தலைவன். ஆர் என்பது உயர்வுப் பன்மை விகுதி. எனவே தலைவர், பெரியவர் என்பதே இதன் பொருள். திருவள்ளுவரை ‘வள்ளுவ நாயனார்’ என்று வழங்குவதும், சைவ அடியார்களை ‘நாயன்மார்’ என்று வழங்குவதும் இச்சொல்லின் பரந்த ஆட்சியைக் காட்டும்.

நயினார் என்னும் வடிவமும் நமக்கு மட்டும் உரியதன்று. இராமநாதபுரம் மாவட்டத்தில் நயினார்கோவில் என்னும் சிவத்தலம் உள்ளது. சித்திரைப் பருவத்தில் சித்திரகுப்தனை நினைந்து நோற்கும் நோன்பினைச் ‘சித்திரபுத்திர நயினார் நோன்பு’ என்பர். தென்மாவட்டங்களில் இந்துக்கள் இதனை இயற்பெயராக இடுவர். கடற்கரை ஊர்களில் வாழும் தமிழ் முசுலிம்களிடையே நயினார் முகமது, நயினா முகமது போன்ற பெயர்கள் வழங்குகின்றன. கேரளத்தில் ‘நாயனார்’ என்பது வேறொரு குடிமரபின் பட்டமாகும்.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. ஒருவர் நயினார் எனப் பெயர் பூண்டிருப்பதால் மட்டுமே அவரைச் சமணர் என்று துணிதல் கூடாது. அவ்வாறே, அப்பட்டம் இன்மையால் ஒருவரைச் சமணரல்லர் என்று கருதுதலும் தவறாகும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையருக்குச் சமண சமயக் கருத்துகளை விளக்கி உதவிய குடந்தைச் சந்திரநாத செட்டியார் நம்மவரே. அந்நூல் 1887-ஆம் ஆண்டு அச்சில் வெளிவந்தது. பட்டம் வேறாயினும் சமயம் ஒன்றே என்பதற்கு அவர் பெயர் சான்றாக நிற்கின்றது.

எழுத்து முறையிலும் இப்பட்டம் ஒருபடித்தாக இல்லை. நயினார், நைனார், நாயனார் எனத் தமிழிலேயே மூன்று வடிவங்கள் காணப்படுகின்றன. ஐகாரம் ‘அய்’ என ஒலித்தலும் எழுதப்படுதலும் தமிழுக்கு இயல்பாதலின் முதலிரண்டும் பிழையல்ல. ஆனால் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு வடிவமும் தம்பி மற்றொரு வடிவமும் எழுதுவதே இடர் தருவதாகும்.

2. பிராகிருதத்தின் வழியே வந்த பெயர்கள்

நம் முன்னோர் பெயர்களில் பல வடமொழியிலிருந்து நேரே வந்தவையல்ல. ஆகமங்களின் மொழியாகிய பிராகிருதத்தின் வழியே வந்தவை. சிரமணர் என்னும் வடசொல் பிராகிருதத்தில் சமணர் என்றாகித் தமிழுக்கு வந்தது. அதன் முதலெழுத்துக் குறைந்து அமணர் என்றும் வழங்கியது. சிராவகர் என்பது சாவகர் ஆயிற்று. இல்லறத்தாரைச் சாவகர் என்று நம் பழந்தமிழ்க் காப்பியங்கள் சுட்டுவது இதனாலேயாம்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளில் தீர்த்தங்கரர் திருவுருவங்களைச் செதுக்குவித்த ஒன்பதாம் நூற்றாண்டு முனிவரின் பெயர் அச்சணந்தி. ஆர்யநந்தி என்பது பிராகிருதத்தில் அஜ்ஜணந்தி என்றாகும். அதுவே தமிழில் அச்சணந்தி என்று எழுதப்பட்டது. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் பெயரிலும் ‘நந்தி’ என்பது ‘ணந்தி’ என்றே நிற்கின்றது. தந்நகரம் டண்ணகரமாக மாறியது ஏன் என ஐயுறுவோர், நாம் நாள்தோறும் ஓதும் மந்திரத்தின் முதற்சொல்லை நினைவு கூர்ந்தால் போதும். வடமொழியில் ‘நமோ’ என்பது அங்கு ‘ணமோ’ என்றே ஒலிக்கின்றது. ஆகவே அச்சணந்தி, பவணந்தி என்பவை பிழையான எழுத்துகள் அல்ல. அவை ஒரு மொழிமரபின் அடையாளங்களாகும்.

அம்மந்திரத்தில் ஆசிரியப் பெருமக்களைக் குறிக்கும் ‘உவஜ்ஜாயர்’ என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. உபாத்தியாயர் என்னும் வடசொல்லின் பிராகிருத வடிவம் அது. தமிழில் அச்சொல் உவாத்தி என்றும், பின்னர் வாத்தியார் என்றும் வழங்கியது. பள்ளிச் சிறுவரும் சொல்லும் ‘வாத்தியார்’ என்பது பஞ்ச பரமேட்டிகளுள் நான்காமவரைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கலாம்.

முனிவர் பெயர்களின் ஈறுகளும் பொருளுடையவை. நந்தி, சந்திரர், கீர்த்தி என முடியும் பெயர்கள் நந்தி சங்கத்தாருக்கும், சேனர், வீரர், பத்திரர் என முடிவன சேன சங்கத்தாருக்கும் உரியன என்பது மரபு. மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவியவராகத் தேவசேனரின் ‘தர்சனசாரம்’ கூறும் வச்சிரநந்தியின் பெயரிலும் இத்தகைய ஈற்றைக் காணலாம். இக்காலக் குடும்பப் பெயர் ஒருவர் பிறந்த இல்லத்தைக் காட்டும். துறவியரின் பெயரீறோ அவர் சேர்ந்த சங்கத்தைக் காட்டியது.

3. நன்னூல் காட்டும் நெறி

வடசொற்களைத் தமிழில் எழுதும் முறையைப் பவணந்தியார் தம் நூலின் பதவியலில் வகுத்துள்ளார். அவர் கூறியவற்றுள் நம் பெயர்களுக்கு வேண்டியவற்றை மட்டும் இங்குச் சுருக்கித் தருகின்றோம்.

ரகரத்தில் தொடங்கும் சொல்லின் முன் அ, இ, உ என்னும் குறில்களுள் ஒன்று வரும். ராஜன் என்பது அரசன் எனவும் இராசன் எனவும் ஆவது இதனால். யகரத்தின் முன் இகரம் வரும். ‘க்ஷ’ என்பது சொல்லின் இடையில் ‘க்க’ என்றாகும். எனவே யக்ஷன் இயக்கன் ஆனான். யக்ஷி இயக்கி ஆனாள். ‘ஷ’ இடையில் டகரமாகும். வடமொழியின் ஏழாம் உயிர் இகரமாகவோ ‘இரு’ எனவோ திரியும். எனவே ரிஷபன் இடபன் ஆகவும், ரிஷி இருடி ஆகவும் வழங்கினர். ‘ஹ’ முதலில் மறைந்து இடையில் ககரமாகும். அர்ஹன் அருகன் ஆனதும் பாஹுபலி பாகுபலி ஆனதும் இவ்விதியாலேயாம். ‘ஜ’ முதலில் சகரமாகும். எனவே ஜினன் சினன் ஆனான். ஜீவகன் சீவகன் ஆனான்.

இயக்கி என்னும் சொல் மேலும் ஒரு படி சென்றது. உயிர் என்பதை ‘உசிர்’ எனப் பேச்சில் வழங்குவது போல, இயக்கி என்பது தென்பாண்டி நாட்டில் ‘இசக்கி’ ஆயிற்று. இசக்கிமுத்து, இசக்கியம்மாள் என்று பெயரிடும் குடும்பங்கள் பல அங்கு உள்ளன. அவர்கள் சமணர் அல்லர். எனினும் தீர்த்தங்கரரின் காவல் தேவியரைக் குறித்த சொல்லே அப்பெயர்களிலும் வாழ்கின்றது.

இவ்விதிகளைக் கண்மூடித்தனமாகக் கையாளுதலும் தகாது. தர்மம் என்பதைத் தருமம் என எழுதினால் பொருள் கெடுவதில்லை. ஆனால் வர்த்தமானன் என்பதை அவ்வாறே ‘வருத்தமானன்’ என எழுதினால், வளர்ச்சியைக் குறிக்கும் பெயர் வருத்தத்தை நினைவூட்டும். பாகுபலி என்பதில் உள்ள ‘பலி’ வலிமையுடையவன் என்னும் பொருளது. ‘பாகு’ என்பது தோள். தோள்வலியுடையோன் என்பதே அப்பெயர். தமிழில் உயிர்ப்பலியைக் குறிக்கும் சொல்லோடு இதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. இப்பெயர் கொண்ட சிறுவனுக்கு இதனைத் தெளிவாகச் சொல்லி வைப்பது பெற்றோர் கடமை.

4. ஓர் எழுத்து மாறினால்

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தீர்த்தங்கரர், சக்கரவர்த்திகள், புராணப் பெருமக்கள் ஆகியோரின் பெயர்களை இடுகின்றோம். அங்கு ஓரெழுத்து மாறினும் ஆளே மாறிவிடுவார்.

நமி என்பவர் இருபத்தோராம் தீர்த்தங்கரர்; நேமி என்பவர் இருபத்திரண்டாம் தீர்த்தங்கரர். சுபார்சுவர் ஏழாமவர், பார்சுவர் இருபத்து மூன்றாமவர். முன்னெழுத்தை அலட்சியமாக விடுத்தால் ஒருவர் பெயர் மற்றொருவர் பெயராகும்.

அனந்தநாதர் பதினான்காம் தீர்த்தங்கரர். அனந்தம் என்றால் முடிவில்லாதது. ஆனந்தம் என்றால் இன்பம். அனந்தராஜ் என்று பெயரிடப்பட்டவன் பள்ளிப் பதிவேட்டில் ஆனந்தராஜ் ஆகிவிடுவது எளிது. ஆங்கிலத்தில் எழுதும்போது குறிலும் நெடிலும் ஒரே எழுத்தால் குறிக்கப்படுவதும், தகர ஒலிக்குப் பல எழுத்துகள் கையாளப்படுவதும் இக்குழப்பத்திற்குக் காரணம். தன்யகுமாரன் என்னும் பெயரும் அத்தகையதே. தன்யன் என்பவன் பேறு பெற்றவன். ஆங்கிலத்திலிருந்து மீண்டும் தமிழுக்கு மாற்றுவோர் அதனைத் ‘தான்யகுமார்’ என்று எழுதினால், அப்பெயர் தானியத்தைக் குறிப்பதாகிவிடும்.

சுமதி, சாந்தி என்னும் பெயர்களை இன்று பெண்பாற் பெயர்களாகவே பலர் அறிவர். சுமதிநாதர் ஐந்தாம் தீர்த்தங்கரர், சாந்திநாதர் பதினாறாமவர். ஆதலின் நம் குடும்பங்களில் இவை ஆண்மக்கள் பெயர்களிலும் முதலாக வருவது இயல்பே.

சக்கரவர்த்தி என்னும் பெயரும் பிறரை மயங்க வைப்பது. சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக விளங்கிய அறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் பல நூல்களில் ஏ. சக்கரவர்த்தி என்றே குறிக்கப்படுகின்றார். தமிழிலுள்ள ஜைன இலக்கியம் பற்றிய அவரது ஆங்கில நூல் 1941-ஆம் ஆண்டு வெளிவந்தது. அப்பெயரை மட்டும் காணும் வெளிநாட்டார் அவரை வங்காளத்தவர் என எண்ணக்கூடும். வங்காளத்தில் அது குடும்பப் பெயர். நம்மிடையே அது பரதன் முதலிய பன்னிரு சக்கரவர்த்திகளை நினைவூட்டும் இயற்பெயர். ‘நயினார்’ என்னும் ஒரு சொல் உடனிருந்தால் இம்மயக்கம் எழாது.

5. ஊர்ப்பெயரும் சிறப்புப் பெயரும்

ஊரைக் கொண்டு ஒருவரை அறிதல் நம் பழைய வழக்கம். கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோர் பெயர்கள் ஊர்ப்பெயர்களுடன் பொறிக்கப்பட்டுள்ளன. குரவர் என்பதற்குப் பெண்பால் குரத்தி. பெண் துறவியர் ஆசிரியராக விளங்கியமைக்கு இச்சொல்லே சான்று.

திருநறுங்கொண்டையில் எழுந்தருளியுள்ள பார்சுவநாதரை அப்பாண்டைநாதர் என வழங்குகின்றோம். அப்பன், ஆண்டார் என்னும் தமிழ்ச் சொற்களின் சேர்க்கையாக இதனைக் கொள்வது பொருந்தும். தந்தையாகவும் தலைவராகவும் இறைவரைக் கருதிய அன்பினால் பிறந்த பெயர் இது. அப்பாண்டைராஜன், அப்பாண்டைநாதன் என மக்கள் பெயர்களிலும் இடம்பெற்றுள்ள இச்சொல், வேறெந்த நாட்டு ஜைனரிடமும் காணப்படாத தனித்தமிழ்ச் செல்வமாகும். ‘பழைய பெயர்’ என்று இதனைத் தள்ளிவிடுவோர் ஒரு தலத்தின் நினைவையே தள்ளிவிடுகின்றனர்.

ஒருவர் செயலாலும் பண்பாலும் பெறும் சிறப்புப் பெயர் இயற்பெயரையே மறைத்துவிடுவதும் உண்டு. சூளாமணி ஆசிரியரைத் தோலாமொழித்தேவர் என்றே அறிகின்றோம். தோல்வியுறாத சொல்லினர் என்பது அதன் பொருள். ஆற்காட்டை அடுத்த விளாப்பாக்கத்தில் உள்ள கல்வெட்டு, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி. பி. 945-ஆம் ஆண்டளவில் வாழ்ந்த பட்டினிக் குரத்தியடிகளைக் குறிக்கின்றது. அவர் நோற்ற உண்ணா நோன்பினால் வந்த பெயர் அது எனக் கொள்ளலாம். அண்மைக் காலத்தில், கோயில்களில் உயிர்ப்பலியை நிறுத்தப் பாடுபட்ட டி. எஸ். ஸ்ரீபால் அவர்களை ‘ஜீவபந்து’ என்னும் அடைமொழியின்றி எவரும் குறிப்பதில்லை. உயிர்களின் உறவினர் என்னும் அப்பட்டம் அவர் தொண்டினையே பெயராக்கிற்று.

மேல்சித்தாமூர் மடத்தின் தலைமை ஏற்போர் ‘லட்சுமிசேன பட்டாரகர்’ என்னும் பெயரைப் பெறுவதும் இங்குக் கருதத்தக்கது. பிறப்புப் பெயர் நீங்கிப் பீடத்தின் பெயர் நிலைக்கின்றது. எனவே வெவ்வேறு காலத்து ஆவணங்களில் அப்பெயரைக் காண்போர், ஒருவரையே அவை குறிப்பதாக முடிவு செய்துவிடலாகாது.

6. தலைப்பெழுத்தும் குடும்பப் பெயரும்

வடநாட்டு ஜைனர்க்குத் தலைமுறை தோறும் மாறாத குடும்பப் பெயர் உண்டு. பண்டாரி என்பது கருவூலக் காப்பாளரையும், கோட்டாரி என்பது பண்டகசாலைப் பொறுப்பாளரையும் குறித்த பெயர்கள். தமிழ்நாட்டில் அம்முறை இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும், சில வேளைகளில் ஊரின் முதலெழுத்தும் மட்டுமே பெயருக்கு முன் நிற்கும்.

1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விலக்குமாறு தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாடு முழுவதும் பட்டம் துறக்கும் வழக்கம் பரவியது. உயர்வு தாழ்வு கற்பிக்கும் அடையாளத்தை விடுதல் நம் சமயக் கொள்கைக்கும் உடன்பாடே. ஆயினும் பட்டத்தோடு ஊர்ப்பெயரும் போயிற்று. ஊர்ப்பெயரோடு உறவு முறையின் நினைவும் மங்கிற்று. கடவுச்சீட்டில் ‘குடும்பப் பெயர்’ என்னும் இடத்தில் தந்தை பெயரை எழுதுவதால், பாட்டன், மகன், பேரன் மூவருக்கும் மூன்று குடும்பப் பெயர்கள் அமைகின்றன.

இந்நிலையில் ‘ஜெயின்’ என்பதைப் பெயரின் இறுதியில் சேர்க்கும் வழக்கம் வளர்ந்துள்ளது. 2014-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஜைன சமுதாயம் நாடு முழுவதற்கும் சிறுபான்மைச் சமுதாயமாக மத்திய அரசால் அறிவிக்கப்பட்டது. பெயரிலேயே சமயம் விளங்கினால் நலமென்று பெற்றோர் எண்ணுவது இயல்பே. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ஒருவர் சமயம் அவர் பெயரைக் கொண்டு முடிவு செய்யப்படுவதில்லை. சமயம் யாது என்னும் வினாவிற்கு அவர் தரும் விடையே பதிவாகின்றது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஜைனர் 89,265 பேர். இதில் வடநாட்டிலிருந்து வந்து குடியேறியோரும் அடங்குவர். நம் சிறு தொகையில் ஒருவர் விடை மாறினும் அது குறைவே. பெயரின் இறுதியில் ஜெயின் என எழுதிவிட்டு, கணக்கெடுப்பாளர் வினவும்போது வாளாவிருந்தால் பயனில்லை.

நயினார் என எழுதுவதா, ஜெயின் என எழுதுவதா என்று சிலர் வினவுகின்றனர். முன்னது நம்மைத் தமிழ் நிலத்தோடு பிணைக்கின்றது. பின்னது நாடளாவிய சமுதாயத்தோடு பிணைக்கின்றது. இரண்டும் நன்றே. ஒரு குடும்பத்தார் கலந்து பேசி ஒன்றைத் தெரிந்துகொண்டு, அதனையே எல்லோரும் மாறாது எழுதுவதே வேண்டத்தக்கது.

7. செய்யத்தக்கவை

பிறப்புப் பதிவே இன்று அனைத்திற்கும் அடிப்படை. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு முதலியவற்றிற்குப் பிறந்த நாளையும் இடத்தையும் மெய்ப்பிக்கும் சான்று பிறப்புச் சான்றிதழே எனச் சட்டம் திருத்தப்பட்டுள்ளது. குழந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவில் ஓராண்டுக்குள் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதன் பின்னரும் பதினைந்து ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் செலுத்திச் சேர்க்க வழியுண்டு. ஆதலின் அவசரப்பட்டு ஏதேனும் ஒரு வடிவத்தை எழுதித் தர வேண்டுவதில்லை.

முதலாவதாக, பெயரின் பொருளை அறிந்து, தமிழில் எழுதவேண்டிய வடிவத்தைத் தாளில் தெளிவாக எழுதிக்கொள்க. ஜினதாசன் என எழுதுவதும் சினதாசன் என எழுதுவதும் அவரவர் விருப்பம். ஆனால் ஒன்றையே கொள்க. இரண்டாவதாக, குடும்பத்தில் முன்னவர் பெயர்களில் கையாண்ட ஆங்கில எழுத்து முறையையே பின்னவர்க்கும் கையாளுக. மூன்றாவதாக, தலைப்பெழுத்துகளின் விரிவை ஊர்ப்பெயர் உட்பட ஓர் ஏட்டில் எழுதி வைத்திடுக. நான்காவதாக, முன்பே வேறுபட்டு அமைந்துவிட்ட பெயர்களை அரசிதழில் முறைப்படி அறிவித்துத் திருத்திக்கொள்க. பாகப்பிரிவினை, ஓய்வூதியம், அயல்நாட்டுப் பயணம் ஆகியவற்றின்போது தேடி அலைவதினும் இப்பொழுதே செய்தல் எளிது.

எல்லாவற்றிற்கும் மேலாக, வீட்டிலுள்ள முதியோரிடம் ஏழு தலைமுறைப் பெயர்களைக் கேட்டு எழுதுக. எந்த ஊரிலிருந்து வந்தோம், ஊரார் நம் இல்லத்தை எப்பெயரால் அழைத்தனர், அப்பெயர் வந்த காரணம் யாது என்பவற்றையும் சேர்த்து எழுதுக. இவை எந்த அலுவலகப் பதிவேட்டிலும் கிடையா. சொல்லக்கூடியவர் மறைந்தபின் மீட்கவும் இயலாது.

இளைஞர்க்குச் சில வினாக்கள்

1. உம்முடைய பெயர் எந்தத் தீர்த்தங்கரரையோ புராணப் பெருமகனையோ பெருமகளையோ குறிக்கின்றது? அவர் வரலாற்றை ஐந்து வரிகளில் எழுதுக.

2. நமி, நேமி, அனந்தம், ஆனந்தம், தன்யம், தானியம்: இவற்றின் வேறுபாட்டினை விளக்குக.

3. ‘இயக்கி’ என்னும் சொல் நன்னூல் விதிப்படி அமைந்தவாறு யாங்ஙனம்?

4. உம் குடும்பத்தின் தலைப்பெழுத்துகள் எவற்றைக் குறிக்கின்றன? அவற்றுள் ஊர்ப்பெயர் உண்டாயின், அவ்வூரில் உள்ள ஜினாலயத்தின் மூலவர் யார்?

இவ்வினாக்களுக்கு விடை காணப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே அமர்வார்களாக. விடை தெரியாத இடத்தில் பாட்டியாரையோ பாட்டனாரையோ கேட்டு நிரப்புக.